துணை மாணவன்

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அங்கே இப்போது பன்னாட்டு மாணவர் உதவி மையம் என்று கண்ணாடிக் கதவு போட்டு ஓர் அறை திறந்திருக்கிறார்களாம். ஏசி, சோபா, மனநல ஆலோசகர் எல்லாம் உண்டாம். அந்த வேலையை அந்தக் காலத்தில் பார்த்தவள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்றாள். "கொஞ்சம் பாஸிட்டிவா இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்று எழுந்து போகும்போது சொன்னாள். நல்ல பெண். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். மலருக்கு நான் எழுதப் போவதில்லை. அவர்கள் அச்சில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன். என் வாய் நீளம் என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். ரிடையர் ஆனால் அடங்கிவிடும் என்றார்கள், அடங்கவில்லை.

என் அப்பா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். நான் பி.யு.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, அந்தத் தனியார் கல்லூரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கென்யா, சூடான், மொரீஷியஸ், மலேசியா என்று பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அவர்களைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று மாணவர் நல அலுவலகத்துக்கு என்னை மாற்றினார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். தப்பாகப் போனாலும் பரவாயில்லை என்று பேசுகிறவள் நான் ஒருத்திதான். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

வேலை என்னவென்று கேட்டால், எல்லாமும். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வந்து இறங்கியவர்களைப் போலீஸ் கமிஷனர் ஆபீசுக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்வேன். விடுதியில் இடம் இல்லாவிட்டால் சேலையூர், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று வீடு வீடாகப் போய் அறை கேட்பேன். "கறி சமைப்பாங்களா?" என்பது வீட்டுக்காரர்களின் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி பையனின் நிறத்தைப் பற்றி. மலேசியாப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் கிடைக்கும் அறை, ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அவர்களுக்கு முடிவெட்ட மேற்குத் தாம்பரத்தில் ஒரே ஒரு சலூன்காரர்தான் ஒத்துக்கொண்டார். மற்றவர்கள் கத்திரிக்கோல் மழுங்கிவிடும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். இதையெல்லாம் நம் ஊரின் விருந்தோம்பல் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் அலுவலகத்தின் தலைவரை டீன் சார் என்போம். அவரைப் போல மென்மையாகப் பேசும் மனிதரை நான் பார்த்ததில்லை. மேசைக்கு மேல் குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவர் சொல்வது கேட்கும். யாரையும் திட்டியதில்லை. பியூனைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார். யார் போய் நின்றாலும் முதலில் உட்காரச் சொல்லி, டீ சாப்பிட்டாச்சா என்று கேட்பார். ஆனால் ஒன்று. நல்ல செய்தி எதுவானாலும் அவர் வாயால் சொல்வார். கெட்ட செய்தி வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அதைத் துடைத்தபடியே, "நீங்க எடுத்துச் சொன்னா அவங்க புரிஞ்சுக்குவாங்கம்மா, உங்களுக்கு அந்த ராசி உண்டு" என்பார். அறை கிடையாது, லீவு கிடையாது, பரீட்சைக்கு அனுமதி கிடையாது, இதெல்லாம் என் ராசி. பிள்ளைகள் என்னைத் திட்டிவிட்டு அவருக்குக் கும்பிடு போட்டுப் போவார்கள்.

துணை மாணவன் என்ற ஏற்பாடு அவருடைய கண்டுபிடிப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் உள்ளூர் மாணவனைத் துணையாகப் போடுவார். கடை கண்ணிக்கு அழைத்துப்போவது, சலூனுக்குக் கூட்டிப்போவது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருப்பது, வீட்டுக்காரர்களிடம் பேசுவது எல்லாம் துணையின் வேலை. அதற்குப் பதிலாகக் கல்லூரிச் சம்பளமும் விடுதியில் இடமும் சாப்பாடும் அவனுக்கு இலவசம். நல்ல திட்டம், இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால் படித்தவர்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டு மாணவன் 'இவன் வேண்டாம்' என்றால் விசாரணை இல்லாமல் துணையை மாற்றிவிடலாம். துணைக்கு ஒரு குறை இருந்தால் அதைச் சொல்ல இடமே வைக்கவில்லை. நான் ஒருமுறை அதைக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார்.

அருள் அப்படித் துணையாக வந்தவன். பம்மலில் காலனிப் பையன். அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை, சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் இரண்டும் வெந்துபோன மனிதர். ஒரே அறை வீடு, ஐந்து பேர். அந்தத் தெருவிலேயே கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அருள்தான். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். துணை வேலை இருந்தால்தான் அவனுக்குப் படிப்பு, அது போனால் எல்லாம் போச்சு. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், டீனுக்கும் தெரியும்.

அவனை கமாவு என்ற கென்யப் பையனுக்குத் துணையாகப் போட்டோம். கமாவு நெடுநெடுவென்று வளர்ந்தவன், சிரித்தால் அறையே அதிரும். மூன்றே மாதத்தில் இரண்டு பேரும் நகமும் சதையுமாகிவிட்டார்கள். அருள் அவனிடம் இங்கிலீஷ் கற்றான். கமாவு அருளிடம் தமிழ் கற்றான், அதுவும் அசல் பம்மல் தமிழ். ஒருநாள் அலுவலகத்துக்குள் வந்து, "இன்னாக்கா, சோறு துன்னியா?" என்று என்னைக் கேட்டான். டீன் சாருக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அருளின் வீட்டுக்குப் போய், அந்த அம்மா சமைத்த மாட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தரையிலேயே படுத்துத் தூங்குவானாம்.

அந்த வருடம் டீன் சாருக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. பொங்கலன்று வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஓர் உள்ளூர்க் குடும்பத்தில் விருந்து சாப்பிட வேண்டும். நம் பண்பாட்டைத் தெரிந்துகொள்வார்களாம். கமாவுக்கு அவர் தேர்ந்தெடுத்தது மாடம்பாக்கத்து வேதாசலம் வீடு. வேதாசலத்துக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை வரைக்கும் நிலம். அதில் ஒரு பகுதியை இரண்டாவது விடுதி கட்டக் கல்லூரிக்குத் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளியே போனால் துணை கூடப் போக வேண்டும் என்பது விதி. ஆகவே அருளும் போக வேண்டும்.

நான் நேரே டீன் அறைக்குப் போனேன். அந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும், நான் இந்தப் பக்கத்துக்காரி. அருளை அங்கே அனுப்பாதீர்கள், அன்று ஒருநாள் வேறு துணையைப் போடுங்கள், இல்லையென்றால் கமாவை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். "அதெல்லாம் இப்ப யாரும்மா பாக்கறா? காலம் மாறிப்போச்சு" என்றார் டீன். வேதாசலம் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அங்கே நாலு முறை சாப்பிட்டவர் அவர். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் அந்த மெல்லிய குரல்.

அன்றைக்கு மொரீஷியஸ் பெண்கள் இரண்டு பேரைச் சேலையூரில் ஒரு வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால் நான் மாடம்பாக்கத்தில் இல்லை. நடந்ததை அருளும் சொன்னான், கமாவும் சொன்னான், பிறகு ஊரே சொன்னது. இருவரும் சைக்கிளில் போய் இறங்கியிருக்கிறார்கள். வேதாசலம் வாசலுக்கே வந்து கமாவுக்குச் சால்வை போட்டார். அப்புறம் அருள் பக்கம் திரும்பி, எந்த ஊர் தம்பி என்றார். பம்மல் என்றான். பம்மலில் எங்கே என்றார். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அருள் பொய் சொல்லவில்லை. "அப்படியே மாட்டுக்கொட்டாய் பக்கம் நிழல்ல குந்துப்பா, சாப்பாடு அனுப்பறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, கமாவின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போனார்.

கூடத்தில் தலைவாழை இலை. வீட்டு ஆண்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் கமாவு. போட்டோ எடுக்க ஆள் வைத்திருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், வடை, அவியல் எல்லாம் பரிமாறியாகிவிட்டது. கமாவு நாலு பக்கமும் பார்த்துவிட்டு அருள் எங்கே என்று கேட்டிருக்கிறான். அவன் அப்புறம் சாப்பிடுவான் என்றார்கள். பின்கட்டு வாசல் வழியாகப் பார்த்தால், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் அருள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான், முன்னால் ஒரு கிழிசல் இலை.

கமாவு எழுந்தான். பரிமாறிய இலையை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, குழம்பு சட்டையில் வழிய, கூடத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டிப் போய் அருள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டான். போட்ட இலையைத் தூக்கிக்கொண்டு பந்தியிலிருந்து ஒருவன் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது. பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியும் கையுமாக நின்றார்களாம். அருள் மட்டும் அடிக்குரலில், உள்ளே போடா, உள்ளே போடா என்று கெஞ்சியிருக்கிறான்.

கமாவு மறுநாள் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உனக்கு அந்த ஏற்பாடு புரிந்ததா என்று கேட்டேன். "எங்க அப்பாவ வெள்ளைக்காரன் பின்வாசல்ல நிக்க வெச்சிதான் சோறு போட்டான். எனக்குத் தெரியாதாக்கா?" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவன் செய்தது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு யார் தலையில் கைவைப்பார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

லீவு முடிந்து கல்லூரி திறந்த அன்றே வேதாசலம் வந்துவிட்டார். டீன் எழுந்து நின்று வரவேற்றார். கதவு திறந்துதான் இருந்தது, என் மேசை வாசலுக்கு நேரே. "கறுப்புப் பையன் மேல எனக்குக் கோவமில்ல சார். அவனுக்கு இன்னா தெரியும்? கூட வந்தானே, அவன் சொல்லிக் குடுத்திருக்கான். இல்லாட்டி வூட்டுக்கு வந்த விருந்தாளி இலையத் தூக்கினு போவானா?" என்றார் வேதாசலம். டீன் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் குரல்தான் கேட்காதே. வேதாசலம் போகும்போது முகம் தெளிந்திருந்தது.

கமாவை ஒன்றும் செய்ய முடியாது. அவன் வெளிநாட்டவன், முழுச் சம்பளம் கட்டுகிறவன், தூதரகம் கேள்வி கேட்கும். ஆகவே அருளைத் துணையிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. விருந்தினரைச் சரியாக வழிநடத்தவில்லையாம். டீன் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கண்ணாடி கையில் இருந்தது. "நீங்க எடுத்துச் சொன்னா அந்தப் பையன் புரிஞ்சுக்குவான்மா" என்றார்.

"இந்த ஒண்ணை நீங்களே சொல்லிடுங்க சார்" என்றேன். "அவன் என்ன தப்பு பண்ணான்னு என்னைக் கேட்டா என்கிட்ட பதில் கிடையாது."

சரிம்மா என்றார். துளிக் கோபம் இல்லை. நானும் மடைச்சி மாதிரி நம்பினேன். அவர் சொல்லவேண்டி வந்தால் ஒருவேளை மனம் மாறுவார் என்றுகூட நினைத்தேன். அவர் செய்தது வேறு. அந்த வாரமே வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் மைசூர் பார்க்க அனுப்பினார். பேருந்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வழியனுப்பினார். கமாவு ஊரில் இல்லை. அருளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மதியம் அவன் சாப்பாட்டு வரிசையில் நின்று தட்டை எடுத்தபோது, மெஸ் மேனேஜர் அந்தத் தட்டின் மேல் கையை வைத்து, உனக்கு இனிமேல் சாப்பாடு கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள் என்றாராம். பின்னால் அத்தனை பையன்கள் நிற்கிறார்கள். அருள் தட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் பம்மலுக்குப் போய்விட்டான்.

எனக்குத் தெரிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. டீன் அறைக்குள் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியிடம் குரலை உயர்த்தினேன். சோற்றுத் தட்டில் கைவைக்கச் சொன்னீர்களே, நீங்களெல்லாம் மனுஷர்தானா என்று கேட்டேன். டீ சாப்பிடுங்கம்மா என்றார். பிரின்சிபாலிடம் போனேன், டீன் பார்த்துக்கொள்வார் என்றார். சம்பளச் சலுகையாவது கொடுங்கள், வீட்டிலிருந்து வந்து படிக்கட்டும் என்று கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள், பரீட்சையும் வந்துபோனது.

பம்மலுக்குப் போய் அருளைப் பார்த்தேன். அப்பாவோடு தோல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தான், கையில் அந்த வாடை. கமாவிடம் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். "வேணாக்கா. அவன் சும்மா இருக்கமாட்டான், சண்டை போடுவான். அப்புறம் அவனையும் ஊருக்கு அனுப்பிச்சிடுவாங்க. படிப்பு முடிச்சிட்டுப் போவட்டும்" என்றான். கமாவிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தான், மெஸ் வரிசையில் நின்ற பையன்களிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் நம்பினான். சில ஞாயிற்றுக்கிழமைகள் பம்மலுக்குப் போனான். பிறகு பரீட்சை, பிராக்டிகல் என்று குறைந்தது. பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

வேதாசலத்தின் நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் அதைக் கல்லூரிக்குக் கொடுக்கவே இல்லை. பிளாட் போடுகிறவனுக்கு விற்றுவிட்டார். ஒரு பையனின் படிப்பை விற்று இவர்கள் வாங்கியது எதுவும் இல்லை. எதையாவது வாங்கியிருந்தாலாவது மனசு ஆறியிருக்குமோ என்னவோ.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது, கமாவு திரும்ப வந்தான். அவனுடைய நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த குழுவில் அவனும் ஒருவன். கோட்டு, டை, லேசாகத் தொந்தி. டீன் சார் அப்போது பிரின்சிபால் ஆகியிருந்தார். அரங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கமாவு மைக்கைப் பிடித்து, இந்த ஊரில் தன்னால் மறக்க முடியாத நாள் எது என்று சொன்னான். பொங்கல், இலை, மாட்டுக்கொட்டகை, நண்பன் அருள் எல்லாவற்றையும் சொன்னான். என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த காரியம் என்று ஒன்றைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன் என்றான். அரங்கமே கைதட்டியது. முதலில் தட்டியவர் பிரின்சிபால். நன்றியுரையில் அவரே எழுந்து, சமத்துவம் என்பது இந்தக் கல்லூரி தன் மாணவர்களுக்கு ஊட்டிய தாய்ப்பால் என்கிற மாதிரி ஏதோ பேசினார். நான் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் கமாவு அருளைப் பற்றிக் கேட்டான். வெளியூரில் எங்கோ செட்டிலாகிவிட்டதாகக் கேள்வி என்றார் பிரின்சிபால். நான் பக்கத்தில்தான் நின்றேன். பம்மலில்தான் இருக்கிறான், வா, நான் அழைத்துப்போகிறேன் என்று எல்லார் முன்னாலும் தமிழிலேயே சொன்னேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார்.

ஆட்டோவில் போனோம். அருள் வீட்டுக்கு முன்பக்கம் கூரை இறக்கி, இரண்டு தையல் மெஷின் போட்டு, தொழிற்சாலைகளுக்குத் தோல் கையுறை தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தான். வயதுக்கு மேல் நரை. கமாவைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். இருவரும் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அருளின் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். கமாவு அவளிடமும் அந்தப் பொங்கல் கதையைச் சொன்னான், இன்னும் பம்மல் தமிழ் மறக்காமல். அருளும் கூடவே சிரித்தான். ஏன் படிப்பை விட்டாய் என்று கமாவு கேட்டதற்கு, அப்பாவுக்கு முடியாமப்பூடுச்சி மாமே என்று பழைய பதிலையே சொன்னான். நான் வாயைத் திறக்கப்போனேன். அருள் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான், வேண்டாம் என்று.

கமாவை ஆட்டோவில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு நானும் அருளும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு அவன் படிப்புக்குப் பயந்தாய், சரி. இன்றைக்கு என்ன? அந்த டீன் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கமாவிடம் உண்மையைச் சொல்வதில் உனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன்.

அருள் நடையை நிறுத்தி என் பக்கம் திரும்பினான்.

"என் வாழ்க்கையில எனக்காக எயிந்து வந்து பக்கத்துல குந்தினவன் அவன் ஒருத்தன்தான்க்கா. அதையும் தப்புன்னு சொல்லி அனுப்பச் சொல்றியா?"

அவன் சொன்னது நியாயம், எனக்குப் புரிகிறது. ஆனால் செய்தவர்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை, கமாவுக்கு நல்ல நினைவு கிடைத்தது, கல்லூரிக்கு நல்ல பெயர் கிடைத்தது. அந்த நினைவு கெட்டுப்போகாமல் காப்பாற்றும் வேலையும் கடைசியில் அருள் தலையிலேயே விழுந்தது. அதுதான் எனக்கு இன்றுவரைக்கும் ஆறவில்லை.